லிஸ்பன் நகரம் காணப் புறப்படுவோர்க்கு



நம் தோட்டத்துப் பிள்ளைகளில் மலாக்காவைப் பார்க்காதவர்கள் குறைவு. பள்ளிச் சுற்றுலா என்றாலே பெரும்பாலும் மலாக்காதான். பேருந்தை விட்டு இறங்கியதும் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் பழைய கல்வாசலின் முன்னே வரிசையாக நின்று படம் எடுத்துக் கொள்வோம். போர்த்துக்கீசியர் கட்டிய 'ஆ ஃபாமோசா' கோட்டையில் எஞ்சியிருப்பது அந்த வாசல். அதன் பிறகு ஆற்றோரத்தில் நிற்கும் பெரிய மரக்கப்பலுக்குள் ஏறி இறங்குவோம். மலாக்காவில் எடுத்த பொருள்களை ஏற்றிச் சென்று, 1511இல் சுமத்திராக் கரையோரம் மூழ்கிப்போன 'ஃப்ளோர் டி லா மார்' என்ற கப்பலின் மாதிரி அது. இப்பொழுது கடல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள், 130 ஆண்டுகள் ஆண்டார்கள், 1641இல் டச்சுக்காரர்களிடம் இழந்தார்கள் என்று நான் ஆண்டுதோறும் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு நாள் மாலை, வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொண்டிருந்தேன். உள்ளே அரிசி களைந்து கொண்டிருந்த என் தாயார் வெளியே வந்து, "அந்தப் பறங்கிக்காரனுங்க ஊர நீ பாத்திருக்கியா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"பாக்காமயா சொல்லிக் குடுக்குற?"

என் தாயார் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 38 ஆண்டுகள் பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றுதான் லிஸ்பன் நகரத்தைப் பார்த்துவிட வேண்டும், அதுவும் அவரையும் அழைத்துக் கொண்டு போக வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அப்பொழுதே அவருக்கு முழங்கால் வலி தொடங்கியிருந்தது. பணம் சேரும்வரை அந்தக் கால்கள் பொறுத்திருக்குமா என்பதே என் கவலையாக இருந்தது. நான்கு ஆண்டுகள் சேமித்து, 2024 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் இருவரும் போய் வந்தோம்.

ஐரோப்பா என்றால் அது தோட்டத் துரைமார் விடுமுறைக்குப் போகும் இடம் என்று நம் முன்னோர் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. இன்று நம் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். பெற்றோரை ஒரு முறையாவது வெளிநாட்டுக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால், வசதி படைத்தவர்கள் திட்டமிடாமல் போனால் கொஞ்சம் பணம் வீணாகும். நம்மைப் போன்றவர்கள் திட்டமிடாமல் போனால் பல ஆண்டுச் சேமிப்பே வீணாகும். ஆகவே, இத்தகைய பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை லிஸ்பன் நகரத்தையே எடுத்துக்காட்டாக வைத்து இன்று காண்போம்.

முதலில் ஊரைத் தெரிந்து கொள்வோம். போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். தேஜோ என்ற பெரிய ஆறு அட்லாண்டிக் கடலில் கலக்கும் இடத்தருகே, குன்றுகளின் மேல் அமைந்த ஊர். ஏழு குன்றுகள் கொண்ட நகரம் என்பது அதற்குப் பழைய பெயர். இந்தக் குன்றுகளை மறந்துவிட்டு யாரும் திட்டம் போடக் கூடாது. வரைபடத்தில் இரண்டு இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நேரில் போனால் இடையே நூறு படிகள் நிற்கும்.

திட்டத்தின் முதற்படி, தாள்களைச் சரிபார்ப்பது. மலேசியக் குடிமக்கள் போர்ச்சுகலுக்குச் சுற்றுலா செல்ல விசா எடுக்க வேண்டியதில்லை. போர்ச்சுகல் சேர்ந்துள்ள செங்கன் நாடுகளில் எந்த 180 நாள் கணக்கிலும் மொத்தம் 90 நாட்கள்வரை தங்கலாம். அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதங்களுக்குக் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். 6 மாதங்கள் இருந்தால் கவலையே இல்லை. 2025 அக்டோபர் முதல் அந்நாடுகளின் எல்லையில் விரல் ரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை தொடங்கியுள்ளது. பால்வெட்டித் தேய்ந்த விரல்களில் ரேகை ஒரே தடவையில் விழாமல் போகலாம். நம் பெரியவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல் பதறிப் போவார்கள். பதற வேண்டியதில்லை, மறுபடியும் வைக்கச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இது தவிர, இணையத்தின் வழி முன்அனுமதி பெறும் முறை ஒன்றையும் ஐரோப்பிய ஒன்றியம் திட்டமிட்டுள்ளது. நீங்கள் போகும் சமயத்தில் அது நடப்புக்கு வந்துவிட்டதா என்பதை ஒன்றியத்தின் சொந்த இணையத்தளத்தில் பார்த்த பின்னரே சீட்டு வாங்க வேண்டும்.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் காலத்தில் கிராணியார் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் நம்மவர்களுடையவை. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறோர் எழுத்து என்று இருக்கும். விமானச் சீட்டில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டையோடு இன்னும் இருக்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. குடியுரிமை இல்லாதவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், பயணத்தைப் பற்றிப் பேசுமுன் பதிவு இலாகாவுக்குப் போய் அந்தக் காரியத்தைக் கவனியுங்கள். அது பயணத்தைவிடப் பெரிய காரியம்.

இரண்டாவது படி, பணம். நானும் என் தம்பியும் சேர்ந்து மாதம் 250 வெள்ளி போட்டு வந்தோம். 48 மாதங்களில் 12,000 வெள்ளி சேர்ந்தது. அதில் 7,200 வெள்ளி இரண்டு பேருக்கும் விமானச் சீட்டுக்கே போயிற்று. அதாவது, பத்தில் ஆறு பங்கு. கோலாலம்பூரிலிருந்து லிஸ்பனுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், இஸ்தான்புல் போன்ற ஊர்களில் இறங்கி மாற வேண்டும். பெரியவர்களோடு போகிறவர்கள், விலை குறைவு என்பதற்காக இரண்டு இடங்களில் மாறும் சீட்டை எடுக்காதீர்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமானால் சீட்டு எடுக்கும்பொழுதே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லி வைத்தேன். அம்மாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. இஸ்தான்புல் விமான நிலையத்தின் நீளத்தைப் பார்த்த பிறகு வெட்கம் போய்விட்டது.

அங்கே செலவு யூரோ நாணயத்தில். அப்பொழுது ஒரு யூரோ ஏறத்தாழ நாலே முக்கால் வெள்ளி. ஐந்து இரவுகள் தங்க 425 யூரோ, சாப்பாட்டுக்கு 225 யூரோ, பேருந்துக்கும் நுழைவுச் சீட்டுகளுக்கும் 150 யூரோ என்று ஒதுக்கினேன். இதோடு பலர் மறந்துவிடும் செலவு ஒன்று உண்டு. லிஸ்பன் நகராட்சி, சுற்றுலா வருவோரிடம் தங்கும் வரி வாங்குகிறது. 2024 செப்டம்பர் முதல் அது ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. இரண்டு பேருக்கு ஐந்து இரவுகள் என்றால் 40 யூரோ. 7 இரவுகளுக்கு மேல் தங்கினால் அதற்கு மேல் வரி இல்லை. 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இல்லை. ஆக, மொத்தம் 840 யூரோ, நம் பணத்தில் ஏறக்குறைய 4,000 வெள்ளி. பயணக் காப்புறுதிக்கு 250 வெள்ளி. மீதம் 550 வெள்ளி, அவசரத்துக்கு என்று தனி உறையில் வைத்துக்கொண்டேன். விலைவாசி மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. முதலில் விமானச் சீட்டு, அடுத்துத் தங்குமிடம், அதன் பிறகு நாட்செலவு, கடைசியில் அவசர உறை. அந்த உறை இல்லாமல் புறப்படக் கூடாது. காப்புறுதி எடுக்காமலும் புறப்படக் கூடாது. அந்நிய நாட்டில் ஒரு நாள் மருத்துவமனையில் படுத்தால் பயணச் செலவைவிட அதிகமாகக் கொடுக்க நேரும்.

கடன் வாங்கிச் சுற்றுலா போகாதீர்கள். குழுவாக அழைத்துப் போகிறேன் என்று வருகிறவரிடம் ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அவருடைய நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம் இப்படிக் கேட்கக் கூச்சப்பட்டு, மகள் கல்யாணத்துக்குப் பிறகு மிச்சம் பிடித்த பணத்தை இழந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.

மூன்றாவது படி, காலம். லிஸ்பனில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மழை இல்லை. வெயிலும் கூட்டமும் அதிகம். நவம்பர் முதல் மார்ச்சு வரை குளிரும் மழையும். பனி பொழியும் ஊர் அல்ல. ஆனாலும் சனவரி இரவுகளில் குளிர் 8 பாகைக்கு இறங்கும். நமக்கு அதுவே தாங்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. ஜூன் 12ஆம் தேதி இரவு புனித அந்தோணியார் திருவிழா. தெருவெல்லாம் மத்தி மீன் சுட்டுத் தின்று ஆடிப்பாடும் நாள் அது. இளைஞர்களுக்கு நல்ல காட்சி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்ற நாள் அல்ல. கோடையில் அவர்களுடைய கடிகாரம் நமக்கு 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 8 மணி நேரம். போய்ச் சேர்ந்த நாளில் எங்கும் போகத் திட்டமிடாதீர்கள். உடம்பு அன்று சொன்னபடி கேட்காது.

நான்காவது படி, எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வது. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக் கொள்ள வேண்டும்.

ஆற்றை ஒட்டிய சமதளப் பகுதிக்குப் பாய்ஷா என்று பெயர். அங்கே தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். அதற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். காலையில் மக்கள் மாதா கோயில்களில் நிரம்பியிருந்த வேளையில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடற்பேரலை வாரிக்கொண்டது. பீடங்களில் எரிந்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் சாய்ந்து மூண்ட தீ பல நாட்கள் எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சர் அந்நகரை மறுபடியும் கட்டினார். சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களைக் கூண்டுபோல் பின்னி வைத்து, நிலம் ஆடினாலும் வீடு விழாதபடி கட்டச் செய்தார். அருகிலுள்ள மேட்டில் கார்மோ மடத்துக் கோயில் கூரையில்லாமல் வானம் பார்த்து நிற்கிறது. அன்று விழுந்த கூரையை மறுபடி போடாமலே விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோயிலுக்கு முன்னுள்ள சிறிய சதுக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. போர்ச்சுகலில் பல பத்தாண்டுகள் சர்வாதிகார ஆட்சி நடந்தது. 1974 ஏப்ரல் 25ஆம் தேதி இளம் இராணுவ அதிகாரிகள் அதற்கு எதிராக எழுந்தார்கள். அன்றைய பிரதமர் ஒளிந்திருந்து, பின் சரணடைந்த இடம் அந்தச் சதுக்கத்தில்தான் இருக்கிறது. அன்று உணவகம் ஒன்றில் வேலை செய்த பெண் ஒருவர், கையிலிருந்த கார்னேஷன் பூக்களைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார். அவர்கள் அவற்றைத் துப்பாக்கி முனைகளில் செருகிக் கொண்டார்கள். அதனால் அந்தப் புரட்சிக்கே பூவின் பெயர் வந்துவிட்டது. ஆற்றின் குறுக்கே 1966இல் கட்டப்பட்டு ஆட்சியாளரின் பெயர் சூட்டப்பட்டிருந்த நெடும்பாலம், இன்று ஏப்ரல் 25ஆம் தேதியின் பெயரைத் தாங்குகிறது.

அல்ஃபாமா என்பது நிலநடுக்கத்தில் பெரிதும் தப்பிய பழைய பகுதி. சந்து சந்தாக, படி படியாக இருக்கும். அதன் உச்சியில் சான் ஜார்ஜ் கோட்டை. பெரியவர்களை அங்கே ஏற்றி நடத்தாதீர்கள். பேருந்திலோ 28ஆம் எண் டிராம் வண்டியிலோ மேலே போய், இறக்கமாகவே நடந்து வர வேண்டும். பாறைமேட்டில் பால்வாளியோடு நடந்த என் தாயாரும், "ஏறுறதவிட எறங்குறதுலதான் முட்டி வலிக்கும், மெதுவாப் போ" என்றுதான் சொன்னார். அதனால் அரை மணிக்கு ஒருமுறை உட்கார்ந்தோம். சாந்தா லூசியா போன்ற பார்வை மேடைகளில் உட்கார்ந்தால் காசில்லாமல் ஆற்றையும் ஊரையும் பார்க்கலாம்.

28ஆம் எண் டிராம் குறுகிய தெருக்களில் வளைந்து வளைந்து ஏறும் சிறிய மஞ்சள் வண்டி. அதில் ஏற எல்லாருக்கும் ஆசை. ஆனபடியால் கூட்டமும் அதிகம், சட்டைப்பை அடிப்பவர்களும் அதிகம். காலை 8 மணிக்கு முன் போனால் உட்கார இடம் கிடைக்கும். கடப்பிதழையும் பெரும் பணத்தையும் துணிக்குள் இடுப்புப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். மேட்டுத் தெருக்களில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் வண்டிகளும் இருந்தன. 1885இல் தொடங்கிய குளோரியா வண்டி 2025 செப்டம்பர் 3ஆம் தேதி விபத்துக்குள்ளாகி 16 பேர் இறந்தார்கள். அத்தகைய வண்டிகளை நம்பித் திட்டம் போடுமுன், அவை ஓடுகின்றனவா என்று விசாரித்துக் கொள்ள வேண்டும். பேருந்து, டிராம், சுரங்க இரயில் மூன்றிலும் செல்லும் 24 மணி நேரச் சீட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் காசு கொடுப்பதைவிட அது இலாபம். விமான நிலையத்திலிருந்தே சுரங்க இரயிலில் ஊருக்குள் வந்துவிடலாம், வாடகைக் கார் தேவையில்லை.

நடைபாதை முழுவதும் சிறு சுண்ணாம்புக் கற்களை அடுக்கிப் பதித்திருக்கிறார்கள். பார்க்க அழகு, மழை பட்டால் வழுக்கும். புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பழகிய, அடிப்பாகம் பிடிமானமுள்ள காலணியே சிறந்தது.

சாப்பாட்டைப் பற்றி இரண்டு சொல். உணவகத்தில் உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டியும் ஒலிவக் காயும் கொண்டுவந்து வைப்பார்கள். அது விருந்தோம்பல் அல்ல, தொட்டால் கணக்கில் வரும். வேண்டாம் என்றால் எடுத்துக் கொள்வார்கள். மதியத்தில் 'இன்றைய சாப்பாடு' என்று குறைந்த விலையில் ஒன்று இருக்கும். சோறும் உண்டு, மீனும் உண்டு. மர்த்தீம் மொனீஷ் சதுக்கத்தைச் சுற்றித் தெற்காசியக் கடைகள் இருப்பதால் பருப்பும் மிளகாயும் வாங்கிச் சமைத்துக் கொள்ளலாம். ஆனால் ஊரிலிருந்து இறைச்சியோ, நெய், பால்கோவா முதலிய பால் பொருள்களோ கொண்டு போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றுக்குத் தடை உண்டு.

மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டாம். நாம் அறியாமலே கொஞ்சம் போர்த்துக்கீசியம் பேசுகிறோம். மேசை, சன்னல், சாவி, அலமாரி, மேஸ்திரி ஆகியவை அவர்களிடமிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். மலாய்மொழியில் வெண்ணெய்க்கு மந்தேகா என்றும், கொடிக்குப் பெண்டேரா என்றும், மாதா கோயிலுக்குக் கெரேஜா என்றும் சொல்வதும் அப்படித்தான். தங்கிய இடத்தில் அம்மா "சாவி" என்று கை நீட்டினார், அந்த அம்மையாரும் சாவியை எடுத்துக் கொடுத்தார். இன்னொரு செய்தி. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்ட சிறிய சமய நூல் ஒன்று 1554இல் லிஸ்பன் நகரில்தான் வெளிவந்தது. அச்சேறிய முதல் தமிழ்நூல் அதுவே. தமிழ் எழுத்திலேயே அச்சான நூல் அதற்குப் பிறகு, 1578இல் கொல்லத்தில் வந்தது.

இப்பொழுது நான் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் முக்கியமாகப் பார்க்க நினைத்தது பெலேம் என்ற பகுதியை. வாஸ்கோ ட காமா 1497இல் கப்பலேறியது அங்கிருந்துதான். அவர் இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட பிறகு, மனுவேல் மன்னர் அங்கே ஜெரோனிமோஸ் மடாலயத்தைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடிக்க ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆயின. அதற்கான பணம் ஆப்பிரிக்க, கீழைநாட்டு வாணிகத்தின்மேல் போட்ட வரியிலிருந்து வந்தது. மிளகுக் காசில் எழுந்த கட்டடம் என்றே சொல்லலாம். 1983இல் அது உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை அங்கே போய் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. திங்கட்கிழமைகளில் அங்கு விடுமுறை. நான்கு ஆண்டுகளாக ஒரு குறிப்பேட்டில் பேருந்து எண்ணிலிருந்து ரொட்டி விலை வரை எழுதி வைத்த நான், மூடும் நாளை எழுதவில்லை. எனக்கு முகம் செத்துவிட்டது. அம்மா மட்டும், "நட சாத்துற நாளு கேக்காம யாராச்சும் கோயிலுக்கு வருவாங்களா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று அந்தப் பகுதியில் திறந்த வெளியில் இருந்தவற்றைப் பார்த்தோம். உயர்ந்த தூணின்மேல் ஒரு சிலை நிற்கிறது. மலாக்காவைப் பிடித்த அஃபோன்சோ டி அல்புகெர்க்கின் சிலை அது. அம்மா நெற்றிக்குமேல் கையை வைத்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். ஆற்றோரத்தில் 1960இல் எழுப்பிய கடலோடிகள் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் முன்னே தரையில் பளிங்கினால் உலகப்படம் பதித்து, எந்த இடத்துக்கு எப்பொழுது போனார்கள் என்று ஆண்டுகளைப் பொறித்திருக்கிறார்கள். அம்மா அந்தப் படத்தின்மேல் நடந்து வந்து, நம் நாடு இருக்கும் இடத்தில் நின்று கொண்டார். பிறகு 1837 முதல் அங்கே சுட்டு விற்கும் முட்டைப் பணியாரத்தை வாங்கித் தின்றோம். முட்டை சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டும்.

என் திட்டத்தில் ஒன்று மட்டும் சரியாக இருந்தது. வியாழக்கிழமையை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தேன். அம்மாவுக்குக் கால் வலித்தால் அன்று ஓய்வெடுக்கலாம் என்று விட்ட நாள் அது. அந்த ஒரு நாள்தான் எங்களைக் காப்பாற்றியது. வியாழன் காலை மறுபடியும் பெலேம் போனோம். கதவு திறந்திருந்தது. கல்லிலே கப்பற் கயிறும் இலைகளும் செதுக்கிய தூண்களை அம்மா கையால் தடவிப் பார்த்தார். வாஸ்கோ ட காமாவின் கல்லறை அருகே நான் நின்று, மிளகின் கதையை, கள்ளிக்கோட்டையில் தொடங்கி மலாக்கா வரை சொன்னேன். பீரங்கியோடு வந்ததையும், மலாக்காவில் வாணிகம் செய்த தமிழ்ச் செட்டிமார் இருந்ததையும், அங்கே எரிந்த வீடுகளையும் சொன்னேன். அழகைப் பார்க்கும்பொழுது அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரு கல்மேடையில் உட்கார்ந்தார். "சரி தம்பி, பாத்தாச்சு. இனிமே சொல்லிக் குடு" என்றார்.

ஆகவே நேயர்களே, எந்தப் பழைய நகரத்துக்குப் போனாலும் நான்கு காரியங்களை மறவாதீர்கள். பார்க்க வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே அது மூடும் நாளை எழுதுங்கள். பழுது பார்ப்பதற்காக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெலேம் கோபுரமே 2025இல் அப்படி மூடப்பட்டது. முக்கியமான இடத்தைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். ஒரு நாளையாவது வெறுமையாக விடுங்கள். கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய நடைக்கு ஏற்பத் திட்டம் போடுங்கள்.

அவ்வளவு தூரம் போக இப்பொழுது இயலாதவர்கள் மலாக்காவுக்குப் போய்வரலாம். கல்வாசலைப் பார்த்த பிறகு, ஊஜோங் பாசிரிலுள்ள போர்த்துக்கீசியக் குடியிருப்புக்கும் போங்கள். அங்குள்ள பெரியவர்கள் இன்னும் கிறிஸ்தாங் மொழி பேசுவதைக் கேட்கலாம். போகுமுன் ஒரு குறிப்பேடு வாங்கி, பேருந்து நேரம், செலவு, மூடும் நாள் எல்லாவற்றையும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது நல்ல பயிற்சி. பின்னொரு நாள் அவர்கள் உங்களைத் தொலைவான ஊருக்கு அழைத்துப் போகும்பொழுது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

எங்கள் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், "திங்கக்கெழம போவாதே" என்று அம்மா சொல்லச் சொல்ல என் மகள் எழுதி வைத்திருக்கிறாள்.